லெபெதெவ்: அன்னப் பறவையின் பெயரில் பிறந்த ரஷ்யக் குடும்பப் பெயர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லெபெதெவ் என்ற பெயருக்கு என்ன பொருள்?

ரஷ்ய மொழியில் ‘லெபெத்’ என்றால் அன்னம். ‘எவ்’ என்பது உடைமையைக் காட்டும் விகுதி. தமிழில் ஆறாம் வேற்றுமை ‘உடைய’ செய்யும் வேலையை அது செய்கிறது. ஆகவே லெபெதெவ் என்றால் ‘அன்னத்தினுடையவன்’. இங்கே அன்னம் என்பது பறவையைக் குறிப்பதில்லை. அன்னம் என்ற பெயரால் அழைக்கப்பட்ட ஒரு முன்னோரைக் குறிக்கிறது. பழைய ஆவணங்களில் ‘இவான் லெபெதெவ் சின்’ என்று எழுதியிருப்பார்கள். ‘சின்’ என்றால் மகன். ‘லெபெத் என்பவரின் மகன் இவான்’ என்று பொருள். காலப்போக்கில் ‘சின்’ உதிர்ந்து, எஞ்சிய சொல் பேரன், கொள்ளுப்பேரன் என்று இறங்கிக் குடும்பப் பெயராக நிலைத்தது.

‘லெபெத்’ மிகப் பழைய ஸ்லாவியச் சொல். வெண்மையைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றிலிருந்து அது வந்தது. லத்தீனில் வெள்ளை என்று பொருள்படும் ‘அல்புஸ்’, பழைய ஜெர்மனில் அன்னத்தைக் குறிக்கும் ‘அல்பிஸ்’ இரண்டும் அதே வேரின் கிளைகள். வெண்ணிறத்தால் பெயர் பெற்ற பறவை என்று கொள்ளலாம்.

சோகொலொவ், ஒர்லொவ் என்று ‘ஒவ்’ வருகிறதே, இங்கே மட்டும் ஏன் ‘எவ்’?

விகுதி ஒன்றுதான். அடிச்சொல் முடியும் ஒலியைப் பொறுத்து வடிவம் மாறுகிறது. வல்லொலியில் (மென்மையாக்கப்படாத மெய்யில்) முடிந்தால் ‘ஒவ்’: சோகொல் (வல்லூறு) சோகொலொவ் ஆகிறது, பெதூஹ் (சேவல்) பெதுஹோவ் ஆகிறது. மென்மைக்குறியில் (முந்தைய மெய்யை மென்மையாக்கும் ஒலியற்ற எழுத்தில்) முடிந்தால் ‘எவ்’: லெபெத் லெபெதெவ் ஆகிறது, கோலுப் (புறா) கோலுபெவ் ஆகிறது.

‘ஆ’ என்று முடியும் சொற்கள் வேறு வழியில் போகும். அவற்றுக்கு ‘இன்’ விகுதி. சொரோக்கா (மேக்பை) சொரோக்கின் ஆகும். கால்க்கா (காக்கை இனத்தில் சிறியது) கால்க்கின் ஆகும். வொரோனா (காகம்) வொரோனின் ஆகும். இந்த விதி தெரிந்தால் அறியாத ரஷ்யப் பெயர் ஒன்றின் அடிச்சொல்லைப் பெரும்பாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அழுத்தம் விகுதியில் விழுந்தால் ‘எவ்’ என்பது ‘யோவ்’ என்று ஒலிக்கும். சொலொவ்யோவ் (இரவில் பாடும் நைட்டிங்கேல்), வொரொப்யோவ் (சிட்டுக்குருவி), ஷுராவ்லியோவ் (கொக்கு) ஆகியவை அப்படி. லெபெதெவ் பெயரில் அழுத்தம் முதல் அசையில் இருப்பதால் அது ‘லெபெத்யோவ்’ ஆகாது.

தமிழில் எப்படி எழுதுவது சரி?

முதல் அசையில் அழுத்தம் கொடுத்து, மற்ற இரண்டையும் தளர்த்திச் சொல்ல வேண்டும். ரஷ்யர் வாயில் கேட்டால் ‘லேபிதிஃப்’ என்பதற்கு அருகில் இருக்கும். கடைசி ‘வ்’ சொல்லின் முடிவில் ‘ஃப்’ ஆக மாறுவது ரஷ்ய ஒலியியல் வழக்கம். எழுத்தைப் பின்பற்றினால் ‘லெபெதெவ்’ வரும். இந்தப் பக்கம் அதையே பின்பற்றுகிறது. ‘லெபடேவ்’, ‘லெபதேவ்’ என்ற வடிவங்கள் ஆங்கில எழுத்துவழி வந்தவை. அவை நடுவில் இல்லாத அழுத்தத்தைத் தருகின்றன. ஆனால் இணையத்தில் தமிழில் தேடும்போது இவற்றையும் போட்டுத் தேடுங்கள். பல கட்டுரைகள் அந்த வடிவத்தில்தான் கிடைக்கும்.

மனிதனுக்கு ஏன் அன்னத்தின் பெயரை வைத்தார்கள்?

988-இல் கீவ் நாடு கிறிஸ்தவத்தை ஏற்ற பிறகும், பல நூற்றாண்டுகளுக்கு ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று தேவாலயம் தந்த ஞானஸ்நானப் பெயர். மற்றது வீட்டிலும் ஊரிலும் வழங்கிய உலகியல் பெயர். இந்த இரண்டாவது வகையில் விலங்கு, பறவை, மீன், செடி எல்லாம் உண்டு. ஓநாய் (வொல்க்), முயல் (சாயத்ஸ்), வல்லூறு, புறா, அன்னம். 17-ஆம் நூற்றாண்டு வரை அரசு ஆவணங்களிலேயே இந்தப் பெயர்கள் தயக்கமின்றி இடம்பெற்றன. அவை இழிபெயர்களாகக் கருதப்படவில்லை.

அன்னத்துக்கு நாட்டார் மரபில் தனி மதிப்பு இருந்தது. ‘பிலீனா’ எனப்படும் வீரக் கதைப்பாடல்களில் வெள்ளை அன்னம் பெண்ணாக உருமாறும். திருமணப் பாட்டுகளில் மணமகளை ‘லெபியோதுஷ்கா’, அதாவது அன்னக்குட்டி, என்று விளிப்பார்கள். இன்றைய ரஷ்ய இலக்கணத்தில் லெபெத் ஆண்பால். பழைய பாடல்களில் அதே சொல் பெண்பாலாகவும் வரும். ஆணுக்கு அது பட்டப்பெயரானதற்கு வெளுத்த தலைமுடி, நீண்ட கழுத்து, நிமிர்ந்த நடை என்று எதுவும் காரணமாக இருந்திருக்கலாம். குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு எது காரணம் என்பதைப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் ‘உங்கள் பெயரின் ரகசியம்’ வகைச் சான்றிதழ்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அரண்மனை விருந்தோடு தொடர்பு உண்டு என்கிறார்களே?

அது ஆய்வாளர்கள் முன்வைத்த ஊகம், அடிப்படையற்றது அல்ல. ரஷ்யச் சிற்றரசர்களும் ஜார் மன்னர்களும் அளித்த பெருவிருந்துகளில் வறுத்த அன்னம் முக்கியப் பதார்த்தம். அந்தப் பறவைகளைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கும் கடமை சில கிராமங்களுக்கு இருந்திருக்கும். அந்தக் கடமையாளர்கள் ‘அன்னக்காரர்கள்’ எனப்பட்டு, பிள்ளைகள் லெபெதெவ் ஆகியிருப்பார்கள் என்பது வாதம். நாட்டில் இந்தப் பெயர் இவ்வளவு பரவியிருப்பதை விளக்க அது ஒன்றே போதாது. சில கிராமங்களுக்குப் பொருந்தலாம்.

குருமடத்தில் வைத்த பெயர் என்கிறார்கள். அது என்ன?

லெபெதெவ் பெயரின் பரவலுக்கு இது மிக முக்கியமான காரணம். பெரும்பாலான சிறு குறிப்புகள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவதால் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறோம்.

18-ஆம் நூற்றாண்டில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் (ஆயர் ஒருவரின் ஆட்சிப் பகுதியிலும்) குருமடங்களை, அதாவது பாதிரிகளை உருவாக்கும் பள்ளிகளைத் தொடங்கியது. பாதிரிமார், உபதேசியார், கோயில் மணியக்காரர் ஆகியோரின் பையன்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். பலருக்குக் குடும்பப் பெயரே இல்லை. அல்லது எல்லாருக்கும் ‘பொப்போவ்’ (பாதிரியின் மகன்) என்று ஒரே பெயர். வகுப்பில் பத்துப் பொப்போவ் இருந்தால் பதிவேடு எப்படி எழுதுவது? ஆகவே பள்ளித் தலைவரோ ஆயரோ புதுப்பெயர் சூட்டினார்.

அந்தப் பெயர்களுக்குச் சில ஊற்றுகள் இருந்தன. திருவிழாக்கள்: ரொஷ்தெஸ்த்வென்ஸ்கி (கிறிஸ்து பிறப்பு), உஸ்பென்ஸ்கி (மாதாவின் விண்ணேற்பு). நற்பண்புகள்: திகோமீரொவ் (சாந்த சமாதானன்), ஒஸ்த்ரவூமொவ் (கூர்மதியன்). மலர்கள், கனிகள்: ரோஸொவ், வினக்ராதொவ் (திராட்சை). பிறகு ‘உயர்ந்த’ பறவைகள்: புறா, கழுகு, வல்லூறு, அன்னம். தூய வெண்மையின் அடையாளமான அன்னம் பாதிரி ஆகப்போகும் பையனுக்குப் பொருத்தமாகத் தோன்றியதில் வியப்பில்லை. சேவலும் காகமும் இந்த முறையில் அதிகம் வரவில்லை. அந்தப் பெயர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பட்டப்பெயர்களே.

இதன் விளைவுகள் தேடுபவர்களைக் குழப்பும். ஒரே தகப்பனின் மூன்று மகன்கள் மூன்று பெயரோடு குருமடத்திலிருந்து வெளியே வருவது சாதாரணம். தகப்பன் பொப்போவ், மூத்தவன் லெபெதெவ், இளையவன் உஸ்பென்ஸ்கி. 1846-இல்தான், குருக்களின் பிள்ளைகள் தந்தையின் பெயரையே தாங்க வேண்டும் என்று திருச்சபையின் ஆட்சிப் பேரவை ஆணையிட்டது. அதற்கு முந்தைய தலைமுறையில் ஒரு பாதிரி லெபெதெவைத் தேடி, அவருடைய அப்பாவையும் லெபெதெவ் என்று தேடினால் எதுவும் கிடைக்காமல் போகலாம்.

ஊர்ப் பெயரிலிருந்தும் வந்திருக்கலாமா?

லிப்பெத்ஸ்க் பகுதியில் லெபெதியான் என்றொரு பழைய நகரம் உண்டு. உக்ரைனின் சூமி பகுதியில் லெபெதின் உண்டு. இவற்றிலிருந்து பொதுவாக வரும் பெயர்கள் லெபெதியான்ஸ்கி, லெபெதின்ஸ்கி. ‘ஸ்கி’ ஊரையோ நிலத்தையோ காட்டும் விகுதி. லெபெதெவ்கா, லெபெதெவோ என்ற பெயரில் பல குக்கிராமங்களும் உள்ளன. அங்கே தொடர்பு பெரும்பாலும் எதிர்த்திசையில் இருக்கும். லெபெதெவ் என்ற நிலக்கிழாராலோ முதல் குடியேறியாலோ ஊர் பெயர் பெற்றிருக்கும்.

இந்தப் பெயர் எவ்வளவு பரவலானது? எங்கே அதிகம்?

மிகவும் பரவலானது. 2005 வாக்கில் ரஷ்ய ஆய்வாளர்கள் தனித்தனியே வெளியிட்ட இரண்டு பட்டியல்களில் ஒன்றில் லெபெதெவ் 6-ஆம் இடம், மற்றதில் 14-ஆம் இடம். எந்தப் பகுதிகளை எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து இடம் மாறுகிறது. அதனால் ‘ரஷ்யாவின் ஆறாவது பெயர்’ என்று அடித்துச் சொல்வது சரியல்ல. முதல் பட்டியலில் முதல் 20 பெயர்களுக்குள் பறவைகள் மட்டும் ஐந்து: சோகொலொவ், லெபெதெவ், சொலொவ்யோவ், கோலுபெவ், வொரொப்யோவ்.

மேல் வோல்காக் கரையிலும் அதற்கு வடக்கிலும் (யாரஸ்லாவ்ல், கஸ்த்ரமா, த்வேர் பக்கம்) இந்தப் பெயர் அடர்த்தி. தெற்கே போகப் போகக் குறையும். ஆனால் தொழிற்சாலைகளும் ரயிலும் மக்களை நாடெங்கும் சிதறடித்ததால், இன்று விளாதிவஸ்தோக்கில் லெபெதெவ் ஒருவரைக் கண்டால் அவருடைய வேர் எங்கே என்று பெயரை வைத்துக் கணிக்க முடியாது.

அப்படியானால் லெபெதெவ்கள் எல்லாரும் ஒரே வம்சமா?

இல்லை. நூற்றுக்கணக்கான ஊர்களில், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல், வெவ்வேறு நூற்றாண்டுகளில் இந்தப் பெயர் தோன்றியிருக்கிறது. பிரபு வகுப்பு லெபெதெவ், வணிகர் லெபெதெவ், பாதிரி லெபெதெவ், பண்ணையடிமை லெபெதெவ் என நான்கு தரப்பிலும் உண்டு. பிரபுக்களின் பதிவேட்டில் லெபெதெவ் குடும்பச் சின்னம் ஒன்றைப் பார்த்துவிட்டு அதைத் தன் குடும்பத்துக்கு எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. சின்னம் ஒரு குறிப்பிட்ட வம்சத்துக்கே உரியது, பெயருக்கு அல்ல.

லெபெத், லெபெதின், லெபெதெங்கோ, லெபியோத்கின்: இவையும் அன்னமா?

லெபெத் அன்னமே, விகுதி இல்லாமல். உக்ரைன், பெலாரூஸ் பக்கம் விகுதி சேர்க்காமல் பறவையின் பெயரையே குடும்பப் பெயராகக் கொள்வது வழக்கம். 1996-இல் ரஷ்ய அதிபர் தேர்தலில் மூன்றாவதாக வந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் செச்சென் போரை நிறுத்திய காசவ்யூர்த் உடன்பாட்டில் கையெழுத்திட்ட ஜெனரல் அலெக்சாண்டர் லெபெத் (1950–2002) இந்தப் பெயரினர். லெபெதெங்கோ உக்ரைனிய வடிவம், ‘அன்னத்தின் பிள்ளை’ எனலாம். லெபியோத்கின் என்பது பெட்டை அன்னத்தைக் குறிக்கும் ‘லெபியோத்கா’விலிருந்து வந்தது.

கவனம் தேவைப்படுவது லெபெதின். மேலே சொன்ன ‘ஆ–இன்’ விதிப்படி அது ‘லெபெதா’ என்ற சொல்லிலிருந்தும் வரலாம். லெபெதா பறவையே அல்ல. தானாக முளைக்கும் கீரைச் செடி. பஞ்ச காலத்தில் ரஷ்ய விவசாயிகள் அதை மாவோடு கலந்து ரொட்டி சுட்டார்கள். லெபெதெவ் பெயருக்கு இந்தக் குழப்பம் இல்லை.

பெண்களின் பெயர் ஏன் லெபெதெவா?

மனைவி, மகள் எல்லாரும் லெபெதெவா. குடும்பத்தைச் சேர்த்துச் சொன்னால் லெபெதெவி. இது வேறு பெயர் இல்லை, பால் விகுதி.

இதில் ஒரு பொறி உண்டு. ஆண் பெயரை ஆறாம் வேற்றுமையில் சொன்னாலும் ‘லெபெதெவா’ என்றே வரும். புனித பீட்டர்ஸ்பர்க்கில் ‘ஊலித்ஸா அக்காதேமிக்கா லெபெதெவா’ என்று ஒரு தெரு இருக்கிறது. அது ஒரு பெண்மணியின் பெயரில் அமைந்தது அல்ல. ‘கல்விக்கழக உறுப்பினர் லெபெதெவுடைய தெரு’, அதாவது வேதியியலாளர் செர்கேய் லெபெதெவின் தெரு. காப்பகக் கோப்புகளின் தலைப்புகளும் ‘இன்னாருடைய விண்ணப்பம்’ என்ற பாணியில் இருக்கும். முதற்பெயரையும் சேர்த்துப் படிக்காமல் ஆண், பெண் முடிவு செய்ய வேண்டாம்.

விகுதியற்ற லெபெத் பெயரில் விதி மாறும். ஆண் என்றால் வேற்றுமை ஏற்கும், பெண் என்றால் எந்த வேற்றுமையிலும் லெபெத் என்றே நிற்கும்.

அறிவியலில் லெபெதெவ் என்று பலர் வருகிறார்கள். யார் யார்?

மூவரைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் போதும். இருவருக்கு முதற்பெயரும் ஒன்றாக இருப்பதால் கட்டுரைகளில் படம் மாறிப் போவதைப் பார்க்கிறோம். நடுவில் வரும் தந்தைவழிப் பெயரை (தந்தையின் முதற்பெயரிலிருந்து ஆனது) பார்த்தால் குழப்பம் தீரும்.

பியோத்தர் நிக்கலாயெவிச் லெபெதெவ் (1866–1912), மாஸ்கோ வணிகக் குடும்பத்துப் பிள்ளை, இயற்பியலாளர். ஒளி தான் விழும் பொருளை மெல்ல அழுத்துகிறது என்பது மாக்ஸ்வெல்லின் மின்காந்தக் கோட்பாட்டின் முடிவு. அதை முதலில் சோதனையில் அளந்தவர் இவர். 1900-இல் பாரிஸ் மாநாட்டில் அறிவித்து 1901-இல் கட்டுரையாக வெளியிட்டார். கண்ணாடிக் குடுவையில் காற்றை நீக்கி, மெல்லிய உலோகத் தகடுகளை இழையில் தொங்கவிட்டு, ஒளி பட்டதும் அவை எவ்வளவு திரும்புகின்றன என்று பார்த்தார். சிக்கல் என்னவென்றால், ஒளி தகட்டைச் சூடாக்கும். மிச்சமிருக்கும் காற்று அந்தச் சூட்டில் தகட்டைத் தள்ளும். அந்தத் தள்ளல் ஒளியழுத்தத்தைவிடப் பெரிது. தகட்டின் இரு பக்கமும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்படி உலோகத்தை மிக மெல்லியதாக்கியும், காற்றை இயன்ற மட்டும் அகற்றியும் அதை அடக்கினார். கோட்பாடு சொன்ன மதிப்போடு சுமார் 20 சதவீதத்துக்குள் முடிவு ஒத்துவந்தது. 1911-இல் அரசின் தலையீட்டை எதிர்த்து மாஸ்கோ பல்கலைக்கழகத்திலிருந்து விலகிய ஆசிரியர்களில் இவரும் ஒருவர். மறு ஆண்டே இறந்தார். மாஸ்கோவின் லெபெதெவ் இயற்பியல் நிறுவனம் இவர் பெயரில்தான். நிலவின் மறுபக்கத்து லெபெதெவ் பள்ளமும் அப்படியே.

செர்கேய் வசீலியெவிச் லெபெதெவ் (1874–1934) வேதியியலாளர். 1926-இல் சோவியத் அரசு செயற்கை ரப்பருக்குப் போட்டி அறிவித்தது. 1928 ஜனவரி 1-க்குள் இரண்டு கிலோ மாதிரி தர வேண்டும். இவருடைய குழு எத்தில் ஆல்கஹாலிலிருந்து பியூட்டடையீன் எடுத்து, சோடியம் கொண்டு அதைக் கோத்து ரப்பராக்கி, 1927 டிசம்பர் இறுதியில் அனுப்பிவைத்தது. 1932-இல் யாரஸ்லாவ்லில் ஆலை ஓடத் தொடங்கியது.

செர்கேய் அலெக்ஸேயெவிச் லெபெதெவ் (1902–1974) நீஸ்னி நோவ்கரத்காரர், கணினி வடிவமைப்பாளர். கீவ் நகருக்கு வெளியே ஃபியஃபானியாவில் இவர் குழு கட்டிய ‘மெஸ்ம்’ கணினி 1951 இறுதியில் முறையாக இயங்கத் தொடங்கியது. சுமார் 6,000 வெற்றிடக் குழல்கள், நொடிக்கு 50 கணக்குகள் அளவுக்கு வேகம். 1960-களின் இறுதியில் வந்த இவருடைய ‘பெஸ்ம்-6’ நொடிக்குப் பத்து லட்சத்தை எட்டியது.

விண்வெளியிலும் ஒரு லெபெதெவ் உண்டு. வலெந்தின் லெபெதெவ் 1982-இல் அனத்தோலி பெரெஸவோயுடன் சல்யூத்-7 நிலையத்தில் 211 நாள் தங்கினார். விளையாட்டில், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் நீளம் தாண்டுதலில் தங்கம் வென்றவர் தத்தியானா லெபெதெவா.

ஒரு லெபெதெவ் சென்னையில் இருந்தாராமே?

ஆம். கெராசிம் ஸ்தெபானவிச் லெபெதெவ் (1749–1817). யாரஸ்லாவ்லில் தேவாலயச் சூழலில் பிறந்தவர். ஊரும் பின்னணியும் இந்தப் பெயரின் வரலாற்றுக்கு அப்படியே பொருந்துகின்றன. தானாகவே இசை கற்று, ரஷ்யத் தூதுக்குழுவோடு ஐரோப்பாவுக்குப் போய், 1785 ஆகஸ்டில் கப்பலில் மதராஸ் வந்து இறங்கினார். இரண்டு ஆண்டு இங்கே இசை நிகழ்ச்சி நடத்திப் பிழைத்தார். ‘மலபார் மொழி’ கற்றதாக அவர் எழுதுகிறார். அந்தக் காலத்து ஐரோப்பியர் அப்படிச் சொன்னது தமிழைத்தான், மலையாளத்தை அல்ல. இதைக் கவனிக்காமல் அவர் கேரளாவில் இருந்ததாக எழுதிவிடுகிறார்கள்.

1787-இல் கல்கத்தா சென்றார். கோலக்நாத் தாஸ் என்ற ஆசிரியரிடம் வங்காளம் கற்று, அவர் துணையோடு ஓர் ஆங்கில நாடகத்தை வங்காளத்துக்கு மாற்றி, வங்காள நடிகர், நடிகையரைக் கொண்டு 1795 நவம்பர் 27-இல் தாமே கட்டிய அரங்கில் மேடையேற்றினார். நவீன வங்காள நாடக அரங்கின் வரலாறு அந்த இரவிலிருந்து சொல்லப்படுகிறது. கடனிலும் வழக்கிலும் சிக்கி 1797-இல் இந்தியாவை விட்டுப் போனார். 1801-இல் லண்டனில் கிழக்கிந்திய மொழிகளின் இலக்கணம் ஒன்றை அச்சிட்டார். பிறகு ரஷ்யா திரும்பி வெளியுறவுத் துறையில் வேலை பார்த்தார். 1805-இல் இந்தியாவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

ஆங்கில ஆவணங்களில் இவரைத் தேடுவோர் கவனிக்க: 1801 நூலின் முகப்பில் அவர் பெயர் ‘ஹெராசிம் லெபெதெஃப்’ என்றே அச்சாகியிருக்கிறது, கடைசியில் இரட்டை எஃப் போட்டு. இன்றைய எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடினால் அகப்படமாட்டார்.

ஒஸ்த்ரவூமொவா-லெபெதெவா, லெபெதெவ்-குமாச் போன்ற இரட்டைப் பெயர்கள்?

இரண்டும் வேறு வேறு வழியில் வந்தவை. ஓவியரும் மரச்செதுக்குக் கலைஞருமான அன்னா ஒஸ்த்ரவூமொவா (1871–1955) ரப்பர் கண்டுபிடித்த செர்கேயை மணந்து இரு பெயரையும் வைத்துக்கொண்டார். வசீலி லெபெதெவ்-குமாச் (1898–1949) பாடலாசிரியர். லெபெதெவ் பிறவிப் பெயர், ‘குமாச்’ (செந்நிறப் பருத்தித் துணி) அவர் சேர்த்துக்கொண்ட புனைபெயர்.

பெயரை விட்டவர்களும் உண்டு. ஓவியர் தத்தியானா மாவ்ரினா (1900–1996) கணினி வடிவமைப்பாளர் செர்கேயின் உடன்பிறந்த அக்கா. தாயின் பெயரை எடுத்துக்கொண்டதால் இந்த உறவு பலருக்குத் தெரிவதில்லை. 1918 மார்ச்சில் சோவியத் அரசு பெயர் மாற்றும் உரிமையைக் குடிமக்கள் எல்லாருக்கும் அளித்தது. அதற்குப் பிறகு லெபெதெவ் ஆனவர்களும் லெபெதெவாக இருந்து மாறியவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு லெபெதெவ் குடும்பத்தின் வேரைத் தேட வேண்டும். எங்கே தொடங்குவது?

பெயரில் தொடங்காதீர்கள், ஊரில் தொடங்குங்கள். இவ்வளவு பரவலான பெயருக்கு ஊர், பங்கு (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்), தந்தைவழிப் பெயர் மூன்றும் தெரியாமல் காப்பகத்துக்கு எழுதுவது வீண். 1917-க்கு முன் பிறந்த ஒரு முன்னோரின் பிறந்த ஊர், மாவட்டம், ஆளுநரகம் (ஆளுநரின் கீழ் இருந்த மாகாணம்) மூன்றையும் முதலில் கண்டுபிடியுங்கள். திருமணச் சான்று, படைக் குறிப்பேடு, வேலைப் புத்தகம், ஓய்வூதியக் கோப்பு இவற்றில் பிறந்த ஊர் இருக்கும்.

அடுத்தது, அந்த ஊர் எந்தக் கோயில் பங்கைச் சேர்ந்தது என்பது. பக்கத்துக் கிராமத்துக் கோயிலாகவும் இருக்கலாம். பங்கு தெரிந்தால் ‘மெட்ரிக்கப் புத்தகம்’ என்னும் கோயில் பதிவேட்டைக் கேட்கலாம். பிறப்பு, திருமணம், இறப்பு என்று மூன்று பகுதி கொண்டது. இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கோயிலில் வைத்து மற்றதை மறைமாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். ஒன்று அழிந்தாலும் மற்றது இருக்க வாய்ப்புண்டு. பிறப்புப் பதிவில் பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்கள் இருக்கும். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்காது. அதற்குத் திருமணப் பதிவைப் பார்க்க வேண்டும். நூறு ஆண்டு ஆன பதிவேடுகள் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அதற்குள்ளானவை ‘ஸாக்ஸ்’ என்னும் குடிமைப் பதிவு அலுவலகத்தில் இருக்கும். உறவை நிரூபித்தால்தான் தருவார்கள்.

அதற்கும் பின்னால் போக ‘ரெவிஸியா’ எனும் வரிக் கணக்கெடுப்புப் பட்டியல்கள் உதவும். 1719 தொடங்கி 1850-களின் இறுதி வரை பத்து முறை எடுத்தார்கள். முந்தைய கணக்கில் இருந்த வயது, இப்போதைய வயது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இடையில் இறந்தவர், படைக்குப் போனவர் குறிப்பும் உண்டு. 1811 பட்டியலில் ஆண்கள் மட்டுமே. முன்னோர் பாதிரி என்றால் இதைவிடச் சிறந்தது ‘கிளீரவயா வேதமஸ்த்’ என்னும் ஆண்டுதோறும் எழுதிய குருக்கள் பட்டியல். யாருடைய மகன், எந்தக் குருமடம், எந்த ஆண்டு முடித்தார், பிள்ளைகள் யார் என்று எல்லாம் அதில் இருக்கும். குருமடத்தில் பெயர் மாறிய முடிச்சை அவிழ்ப்பதற்கு இதுவே நல்ல வழி.

தேடலில் வழக்கமாக எங்கே தடுக்கும்?

முதல் தடை, குடும்பப் பெயரே இல்லாத காலம். 1861-இல் பண்ணையடிமை முறை ஒழியும் வரை விவசாயிகளில் பெரும்பாலோருக்கு ஆவணத்தில் குடும்பப் பெயர் கிடையாது. ‘இவான் பெத்ரோவ்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ‘பியோத்தரின் மகன் இவான்’ என்றே பொருள். குடும்பப் பெயர் தாங்குவது உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்று செனட் 1888-இல் அறிவித்தது. ஆகவே 1890-களில் லெபெதெவ் என்று நிற்கும் குடும்பம் 1850-இல் வெறும் தந்தைவழிப் பெயரோடு இருக்கும். அங்கே பெயரைத் தேடாமல், ஊர், நிலக்கிழார் பெயர், குடும்ப உறுப்பினர் வயது இவற்றைப் பொருத்திப் பாருங்கள்.

இரண்டாவது தடை, அழிவு. 1982-இல் கஸ்த்ரமா ஆவணக் காப்பகத்தில் ஏற்பட்ட தீயில் ஏராளமான பழைய பதிவுகள் கருகின. லெபெதெவ்கள் அடர்த்தியாக உள்ள பகுதி என்பதால் இது நேரடி இழப்பு. எரிந்தவற்றுக்கு மாற்றாக, மாஸ்கோ, புனித பீட்டர்ஸ்பர்க் மத்தியக் காப்பகங்களுக்குப் போன பிரதிகளைத் தேட வேண்டும்.

1897 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பிச் சிலர் காத்திருப்பார்கள். அதன் தனிநபர்ப் படிவங்களில் பெரும்பகுதி எண்ணி முடித்ததும் அழிக்கப்பட்டுவிட்டது. தப்பியவை சில பகுதிகளுக்கே.

பழைய கையெழுத்தில் இந்தப் பெயரை எப்படி அடையாளம் காண்பது?

1918-க்கு முன் பெயரின் கடைசியில் ஒலியில்லாத கடினக்குறி எழுத்து ஒன்று கூடுதலாக நிற்கும். அதை ஓர் அசையாகப் படித்துவிடாதீர்கள். அந்தக் கால எழுத்துமுறையில் ‘எ’ ஒலிக்கு ‘யாத்’ என்ற மற்றோர் எழுத்தும் இருந்தது; லெபெதெவ் பெயரில் முறைப்படி அது வராது. ஆகவே யாத் தெரிந்தால் வேறு பெயரோ எழுத்தரின் பிழையோ என்று சந்தேகிக்கலாம்.

வெளிநாட்டு ஆவணங்களில்?

புலம்பெயர்ந்தோர் பிரெஞ்சு முறையில் இரட்டை எஃப் போட்டு எழுதினார்கள். ஜெர்மன், போலிஷ் பதிவுகளில் கடைசி எழுத்து டபிள்யூ ஆகவும், நடுவில் ஜே அல்லது ஐ சேர்ந்தும் வரும். கப்பல் பயணிகள் பட்டியலில் தேடும்போது முதல் மூன்று எழுத்தை மட்டும் கொடுத்து, மிச்சத்துக்கு நட்சத்திரக்குறி போடுவது நல்லது. பெண்களின் பெயரில் ‘ஆ’ விடுபட்டிருக்கும். மேற்கத்திய அதிகாரிகள் கணவர் பெயரையே எழுதிவிடுவார்கள்.

தேதிகளில் ஏன் பன்னிரண்டு நாள் வித்தியாசம் வருகிறது?

ரஷ்யா 1918 பிப்ரவரி வரை ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அந்தத் தேதிகளை இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாற்ற, 18-ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 11, 19-ஆம் நூற்றாண்டுக்கு 12, 20-ஆம் நூற்றாண்டுக்கு 13 நாள் கூட்ட வேண்டும். பியோத்தர் லெபெதெவ் பிறந்தது பழைய கணக்கில் 1866 பிப்ரவரி 24, புதிய கணக்கில் மார்ச் 8. கெராசிமின் நாடகத் தேதிக்கு எதுவும் கூட்டக் கூடாது. கல்கத்தா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்ததால் அது ஏற்கெனவே புதிய கணக்கு.